புதுச் சாரதி லீசிங்கில் லொறி எடுக்கலாமா?

கனரக அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது, சந்தை மந்தம், லீசிங்கில் லொறி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஹயர் (வாடகை ஓட்டம்) இல்லாத மாதமும் தவணை கட்டத்தான் வேண்டும். திருகோணமலை சீனக்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றும் லொறிகளில் இரண்டாம் சாரதியாகச் சேரப் பாருங்கள். ட்ரிப் கணக்கா மாதச் சம்பளமா, டயர் வெடித்தால், மூட்டை நனைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

வேலையில் சேர்ந்ததும், காலையில் பிரேக்குக்கான எயார் டாங்கியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், தேங்கினால் பிரேக் வால்வு துருப்பிடிக்கும். பின் இரட்டை டயர்களை இரும்புக் கம்பியால் தட்டுங்கள்: உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. சில்லு மாற்றினால் 50 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கந்தளாய்–ஹபரணை வீதியில் இரவில் யானை நின்றால் ஹோன் அடிக்காமல் தள்ளியே நிறுத்துங்கள்.