62,000 வெள்ளி நோட்டீஸ்: வீடு போய்விடுமா?

அண்ணே, சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் உங்கள் லாரி கம்பெனிக்கு, டயர் பாக்கி 62,000 வெள்ளி கேட்டு 21 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது, வீடு போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்டிரியான் பெர்ஹாட், அதாவது மலேசியாவில் பதிவான தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனி என்பதால், கடன் கம்பெனியுடையது, உங்களுடையது இல்லை. ஆனால் டயர் கடையில் கணக்குத் திறந்தபோது கொடுத்த பாரத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சொந்தப் பெயரில் உத்தரவாதக் கையெழுத்து இருந்தால் உங்கள் மேலும் வழக்குப் போடலாம்; அப்போதுதான் வீட்டுக்கும் ஆபத்து.

அவசரம் அந்த 21 நாள்தான். 50,000 வெள்ளிக்கு மேல் பாக்கி என்பதால், கெடு தாண்டினால் கம்பெனியைக் கலைக்கக் கோரி டயர் கடைக்காரர் உயர் நீதிமன்றம் போகலாம். பில்லில் தகராறு இருந்தால் உடனே எழுத்தில் மறுத்து, வக்கீலைப் பாருங்கள். கட்ட முடியும், தவணைதான் வேண்டும் என்றால் அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

அப்புறம், தயவுசெய்து லாரியைத் தம்பி பெயருக்கு மாற்றாதீர்கள். கம்பெனி கலைந்தால், அதன் சொத்தைத் திரட்டிக் கடனை அடைக்க நியமிக்கப்படும் கலைப்பாளர் அந்த மாற்றத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்ய முயல்வார்.