லேப் படிப்பு: சேலத்திலிருந்து கேட்டவர்களுக்கு ஒரு சீனியர் டெக்னீஷியனின் பதில்கள்

ஓமலூர்: பிளஸ் டூ பயாலஜி முடித்தேன். சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட லேப் கோர்ஸ் சேரலாமா அக்கா?

சேரலாம் தம்பி. பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடு: சான்றிதழைக் கொடுப்பது யார்? பல்கலைக்கழகமா, அரசா, இல்லை அந்த நிறுவனமே அச்சடிப்பதா? 2021-இல் லேப், எக்ஸ்ரே போன்ற துணை மருத்துவத் துறைகளுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அரசு வேலை ஆசை இருந்தால் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வெளியிட்ட பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, தகுதிப் பகுதியை வரிவரியாகப் படி. சேர்ந்த பிறகு படித்துப் பயனில்லை.

ஆத்தூர்: இதை முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாமா?

முடியாது. அதற்கு நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிய வேண்டும்.

நாகலூர், ஏற்காடு: மகள் எக்ஸ்ரே படிக்கிறேன் என்கிறாள். கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகிவிடும். ஈய ஏப்ரன், நெஞ்சில் அளவைக் காட்டும் பேட்ஜ் எல்லாம் தருவார்கள். ஏப்ரனை மடித்து வைக்காமல் தொங்கவிடச் சொல்லுங்கள், மடித்தால் உள்ளே விரிசல் விழும். எனக்கு அதைவிடக் கவலை, தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதுதான். ஹாஸ்டல் பாருங்கள்.

அம்மாபேட்டை: சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் குறைந்தால் ஊதாவிலிருந்து ஊற்றலாம் என்கிறார் சீனியர். ரத்தம் ரத்தம்தானே?

கூடவே கூடாது! ஊதா ட்யூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள். அதன் வேலையே கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் வைப்பது. ஊற்றினால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும். அது துளிகூடச் சிவப்புக்குள் போகக் கூடாது என்றுதான் நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல் என்ற வரிசையில் எடுக்கச் சொல்கிறோம்.

சூரமங்கலம்: பத்து வருஷமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே.

ஆகவில்லை என்று யார் சொன்னது அண்ணா? ரிப்போர்ட் போன பின் நோயாளி என்ன ஆனார் என்று லேபுக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 9, கால்சியம் 4. இதயம் நின்றுபோகிற அளவு. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பெரியவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சிப் பையன் ஊதாவிலிருந்து ஊற்றியிருந்தான். திரும்ப எடுத்தோம், பொட்டாசியம் சரியாக 4.2 வந்தது. டாக்டர் நம்பி மருந்து ஏற்றியிருந்தால்?

சூரமங்கலம்: கொஞ்சம்தானே ஊற்றுகிறோம்.

கொஞ்சம் என்பதுதான் மோசம். பொட்டாசியம் 9 வந்தால் சந்தேகப்படுவோம், 5.8 வந்தால் நம்பிவிடுவோம். திரும்பக் குத்துங்கள், நோயாளி திட்டினால் திட்டட்டும்.

மேட்டூர்: ஒரு வருட கோர்ஸ் செல்லுமா?

ஓமலூர் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

சங்ககிரி: நீட் வேண்டுமா? சான்றிதழ் செல்லுமா?

லேப் டிப்ளமோவுக்கு நீட் வேண்டாம். இரண்டாவதற்கு மறுபடியும் அதேதான்: கொடுப்பது யார் என்று பாருங்கள்.

வாழப்பாடி: ஊசி பிடித்தால் கை நடுங்குகிறது அக்கா.

எனக்கும் நடுங்கியது கண்ணு. சுண்டுவிரலை நோயாளியின் கையிலேயே ஊன்றிக்கொள். ஊசி நுனியின் சாய்ந்த வெட்டு மேலே பார்க்கட்டும், சாய்வாகப் போ. ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதே. முதலில் கண்ணால் தேடாமல் விரலால் தேடு, ரத்தக்குழாய் மெத்தென்று எழும்பும்.