டெலோஸ் தீவுக்கு ஒரு நாள் பயணம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கிரீஸின் மிக்கோனோஸ் தீவுக்குப் போகிறவர்கள், பக்கத்திலிருக்கும் டெலோஸ் தீவின் பழங்கால இடிபாடுகளைப் பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். நான்கு முறை போய் வந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியுமா?

திரும்பித்தான் ஆகவேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை. காவலர்களும் அகழாய்வு செய்பவர்களும் தவிர அங்கே யாரும் குடியிருப்பதில்லை. மிக்கோனோஸ் பழைய துறைமுகத்திலிருந்து படகில் சுமார் அரை மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்று வலுத்தால் படகு ஓடாது. ஒருமுறை இரண்டு நாள் துறைமுகத்துக்கு நடந்து நடந்து திரும்பினேன். அதனால் டெலோஸைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. கீழே கோயில் பகுதியை நிதானமாகச் சுற்றிக் காட்டுங்கள். கிந்தோஸ் குன்று 110 மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் படிகள் கரடுமுரடு, அது வேண்டாம். தீவில் நிழல் அறவே கிடையாது. முதல் படகைப் பிடியுங்கள். தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு மூன்றும் கட்டாயம்.

கேள்வி: டெலோஸ் புகைப்படங்களில் வரும் சிங்கச் சிலைகள் அசல்தானா?

வெளியே வரிசையாக இருப்பவை நகல்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் நக்சோஸ் தீவினர் காணிக்கையாக வைத்த பளிங்குச் சிங்கங்களில் மிஞ்சியவை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஒன்று வெனிஸில் இருக்கிறது. அவை பார்த்து நின்ற புனித ஏரியும் இப்போது இல்லை. மலேரியாக் கொசுவுக்குப் பயந்து 1920களில் வற்றவைத்துவிட்டார்கள். லெட்டோ என்ற தேவி இந்தத் தீவில் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு கிரேக்கக் கடவுள் அப்போலோவைப் பெற்றாள் என்பது கதை. அதன் நினைவாக அந்தப் பள்ளத்தின் நடுவே ஒரு பனை நிற்கிறது.

கேள்வி: மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது?

பழங்கால வீடுகளை! பலரும் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடிவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. நாடக அரங்குக்குப் போகும் சந்தில் ஏறுங்கள். தூண்கள் சூழ்ந்த முற்றம், மழைநீர் சேர அதன் அடியில் தொட்டி. மதுக் கடவுள் டயோனிசஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டின் தரையில், சிறகு முளைத்த உருவம் ஒன்று புலி மேல் சவாரி செய்கிறது. குனிந்து புலியின் கழுத்தைப் பாருங்கள்: திராட்சைக் கொடி மாலை. கல்லை அவ்வளவு பொடியாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள்.

சற்றுத் தள்ளி, தலையில்லாத இரண்டு சிலைகள்: கிளியோபாட்ரா, அவள் கணவன் தியோஸ்கூரிதேஸ். எகிப்து ராணி அல்ல, இவள் ஏதென்ஸ்காரி. அப்போலோ கோயிலுக்கு அவன் இரண்டு வெள்ளி முக்காலிகள் (மூன்று கால் தாங்கிகள்) காணிக்கை கொடுத்ததைக் கல்வெட்டில் சொல்லி அவள் வைத்த சிலை அது. கி.மு. 138 வாக்கில் ஒரு மனைவிக்கு இருந்த பெருமிதம் இன்னும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு பெரிய ஊர் எப்படி வெறிச்சோடியது?

கி.மு. 426 குளிர்காலத்தில் அப்போலோவின் புனிதத் தீவு என்று ஏதென்ஸ்காரர்கள் இதைத் ‘தூய்மை’ செய்தார்கள். கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்றார்கள். நிறைமாதக்காரிகளும் சாகக் கிடந்தவர்களும் எதிரேயுள்ள ரினியா தீவுக்குப் போகவேண்டும். ஊர் அதனால் அழியவில்லை. கி.மு. 166 வாக்கில் ரோம் இதை வரியில்லாத் துறைமுகமாக்கியதும் வியாபாரம் கொழித்தது. கி.மு. 88இல் ரோமோடு போரிட்ட பொன்டஸ் மன்னன் மித்ரிதேட்டஸின் படை, 69இல் கடற்கொள்ளையர் என இரண்டு அடி விழுந்தது. வணிகப் பாதைகளும் மாறின. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் போய்விட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்பக்கூடிய துறைமுகம் இது என்று பழங்கால கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்த மாளிகைகளின் பளிங்கைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகள் ஞாபகமாக ஒரு கூழாங்கல் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. காலடியில் கிடப்பது வெறும் கல்லா, பானை ஓடா, மொசைக் துண்டா என்று நமக்குத் தெரியாது. கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், அந்தப் புலியை வரையட்டும்.