புள்ளிகளை இணைத்துப் பெட்டி கட்டும் விளையாட்டில் ஆன்லைனில் எந்த நாட்டுக்காரர் கெட்டிக்காரர்? எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு ஈடுகொடுப்பார்களா?

நாட்டை வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் ஒரு சூட்சுமம் தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டே கூட்டம்தான். தெரியாதவர் பாரிஸில் இருந்தால் என்ன, பாசிக்குடாவில் இருந்தால் என்ன.

நான் கல்லடியில் கணிதம் படிப்பிக்கிறேன். பின்வாங்கில், சதுரக் கொப்பியின் கடைசித் தாளில் இந்த ஆட்டம் ஓடாத நாளில்லை. பெட்டியை மூடினால் உள்ளே பெயரின் முதலெழுத்து, கையோடு இன்னொரு கோடு. பெட்டி கொடுக்காமல் கோடு போட இன்னும் எத்தனை இடம் மிச்சம் என்று பொடியன்கள் கண்ணாலேயே எண்ணிவிடுவார்கள். அதில் எவருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் பெட்டி கிடைக்கத் தொடங்கினால் ஒன்றையும் விடமாட்டார்கள். தோற்பது அங்கேதான்.

ஒன்றை மூடினால் அடுத்ததும் மூடக் கிடைக்கும்படி தொடர்ந்து நிற்கும் பெட்டி வரிசைதான் சங்கிலி. ஆறு ஆறு பெட்டியாக இரண்டு சங்கிலி மட்டும் மிச்சம் என்று வையுங்கள். எதிராளி வேறு வழியில்லாமல் ஒன்றில் கோடு போட்டு, உங்களுக்குத் திறந்துவிட்டார். ஆறையும் எடுத்தால் அடுத்த கோடும் நீங்கள்தான் போட வேண்டும். மற்றச் சங்கிலி அவருக்குப் போகும். 6–6. அதைவிட, நாலை மட்டும் எடுங்கள். கடைசி இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் போடாமல், மறுமுனையை அடைத்துவிடுங்கள். அவர் ஒரே கோட்டில் அந்த இரண்டையும் எடுப்பார். எடுத்தவரே மறுபடி கோடு போட வேண்டுமே! மற்றச் சங்கிலியைத் திறப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. 10–2.

ஆன்லைனில் மேல்மட்டத்தில் ஆடுபவர்கள் எல்லோருக்கும் இது தண்ணீர்பட்ட பாடு. அவர்களுடைய சண்டை அதற்கு வெகுமுன்பே நடக்கிறது: மூன்று பெட்டிக்குக் குறையாத நீண்ட சங்கிலிகள் எத்தனை உருவாகும் என்பதில். ஐந்துக்கு ஐந்து பெட்டி, அதாவது 36 புள்ளி உள்ள பலகையில், பொதுவாக முதலில் தொடங்கியவருக்கு அது இரட்டைப்படையாக வேண்டும், மற்றவருக்கு ஒற்றைப்படையாக. அந்த எண்ணிக்கையை மாற்றுவதற்காக நடுவிலேயே ஒன்றிரண்டு பெட்டியைத் தானம் செய்வார்கள். பார்க்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இந்தக் கணக்கையெல்லாம் விளக்கி பெர்க்லி பேராசிரியர் எல்வின் பெர்லிகாம்ப் 2000இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டம் அதைவிடப் பழையது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1889இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, தரப்புள்ளியை வைத்து ஒப்பிடலாமா? ஒரே தளத்துக்குள் என்றால் ஒப்பிடலாம். வெற்றி தோல்வியை வைத்துத் தரப்புள்ளி போடும் ஈலோ முறையில் 200 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பங்கு எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஒரு தளத்தின் 1800ஐ இன்னொன்றின் 1800ஓடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. லிட்டில் கோலம் போன்ற தளங்களில் ஒரு கோட்டை நாள் கணக்கில் யோசித்துப் போடலாம். போனில் அரை நிமிடத்தில் போடுவது வேறு திறமை. பக்கத்தில் கணினியைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறவரையும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், எல்லா நாட்டிலும் கொப்பித் தாளில் ஓடுவது இதே ஆட்டமும் இல்லை. செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் சதுரத் தாள் என்றாலே ஐந்தை வரிசையாக்கும் ஆட்டம். போலந்திலும் ரஷ்யாவிலும் எதிராளியின் புள்ளிகளை வளைத்துப் பிடிக்கும் ஆட்டம்.

உங்கள் பிள்ளை ஆன்லைனில் இறங்குவதென்றால், மூன்றுக்கு மூன்று பெட்டியில் உங்களோடு ஆடிப் பழகட்டும். கையில் வந்த இரண்டு பெட்டியை விடப் பிள்ளைக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். என் வகுப்பில் விதியைப் படமாகக் கீறிக் காட்டிய பிறகும் பாதிப்பேர் விடமாட்டேன் என்கிறார்கள்.