பேப்பர் கப்பில் பேப்பர் மட்டுமா?

எங்கள் தெருமுனை டீக்கடையில் பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டு பேப்பர் கப் வைத்திருக்கிறார்கள். காகிதம்தானே, மக்கிவிடும் அல்லவா?
- வாசகி, கும்பகோணம்

வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் ஊறித் தொளதொளத்துவிடும். அதனால்தான் உள்பக்கம் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக்கை மெல்லிசாகப் பூசுகிறார்கள். சந்தேகமிருந்தால், குடித்த கப்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் காகிதத்தை விரலால் தேய்த்து உரித்தால் கண்ணாடி மாதிரி ஒரு ஜவ்வு கையில் தங்கும். மக்காமல் கிடக்கப்போவது அதுதான். காகிதக் கூழிலிருந்து அதைத் தனியே பிரிக்க வேறு இயந்திர வசதி வேண்டும் என்பதால், மறுசுழற்சிக்கும் சுலபத்தில் போகாது.

கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இந்தக் கப்களில் 100 மில்லி சூடான திரவத்தை 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் அதில் கலந்திருந்தன. இதனால் இன்ன நோய் வரும் என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். ஆனால் காசு கொடுத்துக் குடிக்கிற டீயில் அது எதற்கு?

இன்னொன்று, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் தடை நின்றது. கடைகளில் மட்டும் கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் டீ வேண்டுமே!

கிளாஸை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களே, அதற்கு பேப்பர் கப் மேல் இல்லையா?
- வாசகர், மதுரை

நியாயமான கேள்விதான். பாய்லரில் வெந்நீர் பக்கத்திலேயே கொதிக்கிறது. "அண்ணே, சுடுதண்ணி ஊத்திக் கழுவிக் கொடுங்க" என்றால், கூட்டமில்லாத நேரத்தில் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்வார்கள். நான் அப்படித்தான் கேட்பேன்.

ஆனால் 'சுத்தம்' என்று யாராவது பேச்செடுத்தால் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். சாதி பார்த்துத் தனித்தனி கிளாஸ் வைக்கிற இரட்டைக் குவளை இருந்த சில ஊர்களில், அது போன பிறகு ஒரு தெருக்காரர்களுக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கிளாஸ் என்று வந்தது. அங்கே கழுவுவதா பிரச்சினை?

ஆபீசுக்குப் பார்சல் வாங்கும்போது என்ன செய்வது?
- வாசகர், ஈரோடு

சுடச்சுட டீயை பாலித்தீன் கவரில் ஊற்றி நூல் சுற்றித் தருவார்களே, அதற்கு பேப்பர் கப்பே தேவலை. இரண்டும் வேண்டாம். பிளாஸ்க்கில் வாங்குங்கள், ஆளுக்கொரு டம்ளர் மேஜையில் இருக்கட்டும். யார் கழுவுவது என்று சண்டை வரும். அவரவர் டம்ளரை அவரவர் கழுவட்டும், மேனேஜர் உட்பட.