அணு உலைப் பாதுகாப்பு மாநாடு: யாரை அழைப்பது, எதைப் பேசுவது?

கேள்வி: பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அணு உலைப் பாதுகாப்பு ஆய்வு பற்றிய மூன்று நாள் சர்வதேச மாநாட்டை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சுமார் இருநூறு பேரை எதிர்பார்க்கிறோம். எந்தத் தலைப்புகளை எடுப்பது? எவ்வளவு முன்கூட்டித் தொடங்குவது? ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரை அழைப்பது? ரகசியத் தகவல் எதுவும் வெளியே போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுவரை கல்லூரிக் கருத்தரங்குகள் மட்டுமே நடத்தியிருக்கிறேன்.

பதில்: உங்கள் நான்கு கேள்விகளில் மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வரப்போகிறார்கள் என்பது முடிவானால் தலைப்பும் கால அட்டவணையும் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

1977 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணு மின் நிலையத்தில், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் நீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த வால்வு, உலையின் நீரழுத்தத்தைச் சீராக வைக்கும் தனிக் கலனின் உச்சியில் இருந்ததால், உலைக்குள் நீராவி உருவாக உருவாக நீர் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, அந்தக் கலனின் நீர்மட்டம் ஏறுவதாகவே கருவி காட்டியது. நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்த இயக்குநர்கள் (கட்டுப்பாட்டு அறையிலிருந்து உலையை இயக்குகிறவர்கள்) அவசர நீர் செலுத்துவதைக் குறைத்துவிட்டார்கள். உலை குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20 நிமிடத்தில் வால்வு திறந்திருப்பதும் தெரியவந்தது. அதனால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இதன் ஆபத்தைப் புரிந்துகொண்டு, எல்லா இயக்குநர்களுக்கும் தெளிவான அறிவுறுத்தல் போக வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் அலுவலகக் குறிப்பு எழுதினார். அறிவுறுத்தல் போகவில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் அதே மாதிரி வால்வு சிக்கியது, நீர்மட்டம் அதே மாதிரி ஏறியது, அவசர நீரும் அதே மாதிரி குறைக்கப்பட்டது. கசிவை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலைக்கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

விஷயம் தெரிந்தவர் ஒரு இடத்தில் இருந்தார், தெரிய வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பாதுகாப்பு ஆய்வு மாநாடு என்று ஒன்று நடத்துவதே இந்த இடைவெளியைக் குறைப்பதற்குத்தான். எனவே நான்கு வகையினரும் உங்கள் அரங்கில் இருந்தாக வேண்டும்: சோதனை நடத்துகிறவர்கள், உலையின் நடத்தையைக் கணக்கிடும் கணினி நிரல்களை எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும், உலையை இயக்குகிறவர்கள், உரிமம் வழங்கும் ஒழுங்குமுறை ஆணையத்தினர். முதல் இரண்டு வகையினர் அழைக்காமலே வருவார்கள். மற்ற இருவரைத் தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். இருநூறு பேரில் ஐம்பது பேராவது அந்த இரண்டு தரப்பிலிருந்து வரும்படி இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இயக்குநர்கள் ஏன் வருவதில்லை என்று பலர் வருத்தப்படுவார்கள். பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, தேதி. எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் வாரங்களில் நிலையத்திலிருந்து ஒருவரும் அசைய முடியாது. நீங்கள் அழைக்க விரும்பும் நிலையங்களிடம் அந்த நிறுத்தக் காலங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு மாநாட்டுத் தேதியைக் குறியுங்கள். அரங்கம் எப்போது கிடைக்கிறது என்று பார்த்துத் தேதி குறிப்பதுதான் வழக்கம். இந்த மாநாட்டுக்கு அது சரிப்படாது. இரண்டாவது, கட்டுரை. பத்துப் பக்கம் எழுதி, மதிப்பாய்வாளருக்குப் பதில் சொல்லி, திருத்தி அனுப்ப அவர்களுக்கு நேரமும் இல்லை, அதனால் பயனும் இல்லை. அவர்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். ஒரு நிகழ்வு, அதில் தாங்கள் பார்த்தது, செய்தது, இன்னும் விளங்காமல் இருப்பது என்று அரை மணி நேரம் பேசினால் போதும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது தலைப்பு. பாதுகாப்பு ஆய்வு என்றால் வெப்பப் பாய்மவியல், எரிபொருள் நடத்தை, உலைக்கரு உருகும் கடும் விபத்துகள், நிகழ்தகவு அடிப்படையிலான இடர் மதிப்பீடு, மனிதக் காரணிகள், உலோகங்களின் முதுமை, வெள்ளம், நிலநடுக்கம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி மாநாடுகள் ஏற்கெனவே உண்டு. வெப்பப் பாய்மவியலுக்கு 1980 முதல் நியூரெத் நடக்கிறது, இடர் மதிப்பீட்டுக்கு பீசாம் இருக்கிறது. இருநூறு பேரை வைத்துக்கொண்டு அவற்றோடு போட்டி போட வேண்டாம். (அவற்றின் தேதிகளோடு உங்கள் தேதி மோதாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.) துறைப் பெயர்களை அடுக்குவதற்குப் பதிலாக, விடை தெரியாத இரண்டு மூன்று கேள்விகளை மாநாட்டின் பொருளாக அறிவியுங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்திறனில் 6 முதல் 7 சதவீதம். ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவுக்குக் குறையும். 3,000 மெகாவாட் வெப்பத்திறன் உள்ள உலையில் அந்த அரை சதவீதமே 15 மெகாவாட். 2011 மார்ச் 11 அன்று புகுஷிமாவில் சுனாமி வந்து மின்சாரம் எல்லாம் போனபோது வெளியேற்ற முடியாமல் போனது இந்த வெப்பத்தைத்தான். பம்பே இல்லாமல், சூடான நீர் மேலேறி குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பான சுழற்சியை நம்பும் வடிவமைப்புகளுக்கு இன்று இவ்வளவு ஆதரவு இருப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். சரி, அந்தச் சுழற்சியை எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்த ஒரு கேள்வியை அரங்கில் வைத்தால் என்ன நடக்கும் பாருங்கள். இயல்புச் சுழற்சியின் உந்துவிசை மிகச் சிறியது, அது உயரத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஜெர்மனியின் பிகேஎல் சோதனை அமைப்பைக் கட்டியவர்கள் கன அளவை 145இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் உயரத்தை மட்டும் முழு அளவில் வைத்துக்கொண்டார்கள். ஜப்பானின் எல்எஸ்டிஎஃப் சோதனை அமைப்பிலும் கன அளவு 48இல் ஒரு பங்கு, உயரம் முழு அளவு. ஆனால் இப்படி ஒல்லியாகச் சுருக்கும்போது சுவர் வழியே போகும் வெப்பத்தின் பங்கு கூடிவிடும் என்று சோதனைக்காரர் எழுந்து சொல்வார். அவ்வளவு சிறிய உந்துவிசையில் தன் உராய்வுச் சமன்பாடுகள் எவ்வளவு தள்ளாடும் என்று நிரல்காரர் சொல்வார். குழாயில் கொஞ்சம் வாயு சேர்ந்தால் ஓட்டம் நின்றுவிடுமே, அது சேர்ந்திருப்பதை எந்தக் கருவி காட்டும் என்று இயக்குநர் கேட்பார். உடைகிற பம்பு இல்லை, சரி. ஆனால் இயற்பியலே ஏமாற்றுவதற்கான நிகழ்தகவை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று ஆணையத்திலிருந்து வந்தவர் கேட்பார். ஒரு முழு நாளுக்கு இது போதும். இப்படி நான்கு தரப்பும் தன் பங்கைச் சொல்லியாக வேண்டிய கேள்வியாகப் பார்த்து எடுங்கள்.

உங்களால் முடிந்தால் இன்னொன்றையும் செய்யுங்கள். எனக்கு இதில் அபார நம்பிக்கை உண்டு: மாநாட்டோடு சேர்த்து ஒரு குருட்டுக் கணிப்பு. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் அணுசக்தி முகமை சர்வதேசச் செந்தரக் கணக்குகள் என்ற பெயரில் பல ஆண்டுகள் நடத்திய முறை இது. ஒரு சோதனை அமைப்பின் வடிவளவுகள், தொடக்க நிலை, எல்லை நிபந்தனைகள் இவற்றை மட்டும் ஒரு வருடம் முன்பே பங்கேற்பாளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். சோதனையின் முடிவு யாருக்கும் தெரியாமல் ஒருவரின் பொறுப்பில் இருக்கும். ஒவ்வொரு குழுவும் தன் நிரலை ஓட்டி, எரிபொருள் உறையின் உச்ச வெப்பநிலை எவ்வளவு, எந்த நொடியில் என்று குறித்த தேதிக்குள் அனுப்பிவிடும். மாநாட்டின் முதல் நாள் காலையில் எல்லாக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, அதன் மேல் சோதனையில் அளந்த கோட்டைப் போடுங்கள்.

ஒரே நிரலை வைத்திருக்கும் இரண்டு குழுக்கள் வெவ்வேறு விடை கொடுத்திருப்பதை அந்த வரைபடத்தில் பார்க்கலாம். குழாயை எத்தனை துண்டாகப் பிரித்தார்கள், எந்தத் தெரிவைத் தேர்ந்தார்கள் என்பதிலேயே விடை மாறிவிடும். விடையைத் தெரிந்துகொண்டு செய்யும் கணக்கில் இது வெளியே வரவே வராது. ஒரு நிபந்தனையை மட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வரைபடத்தில் குழுக்களின் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பெயர் வெளியாகும் என்றால் நல்ல குழுக்கள் பாதி ஒதுங்கிவிடும். ஒற்றை விடையோடு நின்றுவிடாமல் நிச்சயமின்மையின் பட்டையையும் கேளுங்கள். வில்க்ஸ் என்ற புள்ளியியல் சூத்திரப்படி, நிச்சயமில்லாத உள்ளீடுகளை ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாற்றி 59 முறை ஓட்டினால், அவற்றில் மிக உயர்ந்த விடை 95 சதவீத எல்லையை 95 சதவீத நம்பிக்கையோடு தாண்டி நிற்கும். ஒரு மாணவர் சாதாரணக் கணினிகளிலேயே செய்துவிடக்கூடிய வேலைதான்.

நிகழ்ச்சி நிரலில் கட்டுரைகளைக் குறையுங்கள். எத்தனை கட்டுரை வந்தது என்று நிர்வாகம் பெருமையாகக் கேட்கும், இருந்தாலும் குறையுங்கள். இருபது நிமிடப் பேச்சு என்றால் பத்து நிமிடக் கேள்வி நேரம் அதற்குள் தொட முடியாத பகுதியாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகளுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது வைத்தால் நான்கு தரப்பும் மறுபடி தனித்தனி அறைகளுக்குப் பிரிந்துவிடும். அமர்வுத் தலைவர்கள் கட்டுரைகளை முன்பே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியோடு வர வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் தலைவராகப் போடாதீர்கள்.

எதிர்பார்த்தபடி வராத முடிவுகளுக்குத் தனியாக ஓர் அமர்வு வையுங்கள். பிரான்சின் கதராஷில் 1993 முதல் 2004 வரை நடந்த ஃபெபஸ் சோதனைகளை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் உருகும்போது அயோடின் பெரும்பாலும் சீசியத்தோடு சேர்ந்து துகளாகத்தான் வரும் என்பது பரவலான நம்பிக்கையாக இருந்தது. சோதனையில் ஒரு பகுதி அயோடின் ஆரம்பத்திலேயே வாயுவாக, உலையைச் சூழ்ந்திருக்கும் பாதுகாப்புக் கூண்டின் மாதிரிக்குள் வந்தது. கட்டுப்பாட்டுக் கோலிலிருந்த வெள்ளியோ கீழே தேங்கிய நீரில் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டது. வெள்ளிக்குப் பதில் போரான் கார்பைடு கோலை வைத்த சோதனையில் வாயுவின் பங்கு வெகுவாகக் கூடியது. கோல் எந்தப் பொருளால் ஆனது என்பது ஊருக்குள் போகக்கூடிய அயோடினின் அளவையே மாற்றும் என்பதைக் கணிப்புக்கு மாறாக வந்த முடிவுகள்தான் சொல்லிக்கொடுத்தன. இளம் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட முடிவுகளைப் பயந்து மேசைக்குள் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

ரகசியத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நிலையத்தின் காவல் ஏற்பாடுகள், எந்தக் கருவியை எங்கே முடக்கினால் என்ன ஆகும் என்ற விவரங்கள் பொது மாநாட்டில் வரவே கூடாது. ஆய்வுச் சுருக்கம் வரும்போதே இதைக் கவனிக்க, இந்த வேலையைத் தெரிந்த ஒருவரை மதிப்பாய்வுக் குழுவில் சேருங்கள். மற்றது நிறுவனங்களின் வணிகத் தகவலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும். நிரல்கள் பலவற்றுக்கும் சில சோதனைத் தரவுகளுக்கும் யாரோடு பகிரலாம் என்ற வரம்பு உண்டு. கட்டுரையோடு நிறுவனத்தின் வெளியீட்டு அனுமதிக் கடிதமும் வர வேண்டும் என்று முதல் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அந்தக் கடிதம் கிடைக்கச் சில மாதங்கள்கூட ஆகும்; கடைசி வாரத்தில் பேச்சுகள் ரத்தாவதைத் தவிர்க்க வேறு வழியில்லை. குருட்டுக் கணிப்புக்கும் இதே அனுமதி தேவை. உலை விற்கும் நிறுவனம் நன்கொடை தந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டு. நிகழ்ச்சி நிரல் குழுவில் மட்டும் அவர்களுக்கு வாக்கு வேண்டாம்.

கால அளவு என்று பார்த்தால் பதினெட்டு மாதம் தேவை. குருட்டுக் கணிப்பும் உண்டென்றால் இரண்டு வருடம். தேதி, அறிவியல் குழு, கேள்விகள் இந்த மூன்றும் முதல் மூன்று மாதத்தில் முடிய வேண்டும். ஆய்வுச் சுருக்கங்கள் மாநாட்டுக்குப் பத்து மாதம் முன்பும், முழுக் கட்டுரைகள் ஐந்து மாதம் முன்பும் வந்தால் மதிப்பாய்வு நிதானமாக நடக்கும். அணுத்துறையைச் சேர்ந்தவர்களின் விசா விண்ணப்பங்களுக்குக் கூடுதல் விசாரணை வரலாம் என்பதால், சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பதிவு மேசை இதெல்லாம் கல்லூரிக் கருத்தரங்கு மாதிரியேதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பிற்பகலில் எல்லோரும் விமானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், அன்று காலையை அப்படியே காலியாக விடுங்கள். நீங்கள் அறிவித்த ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராகச் சேர்த்து ஒரு குழு போட்டு, இரண்டு பக்கம் எழுத வையுங்கள்: எது தீர்ந்தது, எது தீரவில்லை, தீர்க்க எந்தச் சோதனை வேண்டும், இதற்கிடையில் இயக்குநர்கள் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களைக் கட்டுரைத் தொகுப்பு வரும்வரை காக்க வைக்காமல், இரண்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கும் வராத நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைப் பயிற்சிப் பிரிவுகளுக்கும் பெயர் குறிப்பிட்டு அனுப்புங்கள். கிடைத்தது என்று பதில் வராத நிலையத்துக்கு மறுபடி எழுதுங்கள்.