எஞ்சின் ஆயில், கியர் ஆயில் சந்தேகமா, கேளுங்க

வணக்கமுங். ஈரோட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், பைக்கு, காரு, டிராக்டர் எல்லாம் வரும். எந்தக் கம்பெனி ஆயில் பெஸ்ட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. டப்பா முன்னாடி இருக்கற படத்த உடுங்க, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கறதுதான் விஷயம்.

பல்லடம், ஸ்ப்ளெண்டர்: அண்ணா, ஆக்டிவாவுக்கு வாங்குன ஆயில் மீதி இருக்குது, பைக்குக்கு ஊத்திக்கலாமுங்களா? ரெண்டுமே 10டபிள்யூ-30 தானுங்களே.

நம்பர் ஒண்ணுதான் தம்பி, ஆனா ஸ்கூட்டர் ஆயில்ல ஜாசோ எம்பின்னு ஜப்பான்காரங்க தரக் குறி இருக்கும், பைக்குக்கு எம்ஏ இல்லீன்னா எம்ஏ2 வேணும். பைக்குல கிளட்ச் பிளேட்டு எஞ்சின் ஆயில்லயே முங்கிக் கெடக்குது, எம்பி ஆயில் வழுவழுப்பு ஜாஸ்தி, அத ஊத்துனா பிளேட்டு புடிக்காது, முறுக்குனா சத்தம் ஏறும் வண்டி நகராது. ஆக்டிவாவுல கிளட்சு ஆயில் படாத எடத்துல பெல்ட்டோட இருக்கறதால எம்பி போதும், அதுல எம்ஏ ஊத்துனாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும் அவ்வளவுதான்.

பெருந்துறை: நம்மூர்ல பனியா கொட்டுது? சித்திரைல 40 டிகிரி அடிக்குது, அந்த டபிள்யூ நம்பர் நமக்கெதுக்குங்?

டபிள்யூன்னா விண்டர், குளிர்ல எப்படி ஓடும்கறது, நமக்கு அது காலைல மொதோ ஸ்டார்ட்டிங்குக்குதாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஆயில் பூராவும் கீழ எறங்கியிருக்கும், மேல ஏற நேரமாகற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் தேய்மானம் அதிகம். நம்ம வெடியக்கால குளிருக்கே 20டபிள்யூவ விட 10டபிள்யூ லேசா ஓடும். பின்னாடி வர்ற 30, 40 தான் சூடானப்பறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்கறது. வண்டியோட குடுத்த புக்குல என்ன போட்டிருக்கோ அதோட நில்லுங்க.

கோபி, பழைய ஜீப்பு: கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்து கியர் ஆயில் கேட்டா கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் ஒசத்தின்னு குடுக்கறாருங்.

வாங்காதீங்க! இதுலதான் நெறைய பேரு ஏமாறறாங்க, 5 பெருசு அதனால நல்லதுன்னு. ஜிஎல்-5 பின்னாடி ஆக்சில்ல ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்சியலுக்குன்னு வந்தது, அங்க பல்லு மேல பல்லு இழுத்துக்கிட்டு அழுந்தும், அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரசும் தூக்கலா போட்டிருப்பாங்க. கியர்பாக்ஸுக்குள்ள கியரு மாத்தறப்ப வேகத்த ஒண்ணாக்கற சிங்க்ரோ ரிங்கு பித்தளை, அந்த மருந்து சூட்டுல பித்தளைய அரிக்கும், அரிக்காட்டியும் அந்த வழுவழுப்புல ரிங்கு புடிக்காம கியரு கரகரன்னு விழும். பழைய ஆயில எறக்கறப்ப டிரெயின் போல்ட்ட பாருங்க, காந்தம் இருந்தா அதுல சாம்பக் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா பயமில்ல, சில்லு சில்லா இரும்பு வந்தாலோ ஆயில வெயில்ல புடிச்சா மஞ்சளா மினுங்குனாலோ பாக்ஸ கழட்ட வேண்டி வரும். டிஃபரன்சியலுக்கு ஜிஎல்-5 தான், அதுல மாத்தமில்ல.

காங்கயம், டிராக்டர்: எங்கய்யன் காலத்துல லூஸ் ஆயில்தான் ஊத்துனாரு, ஒண்ணும் ஆகலியே?

அந்தக் காலத்து டிராக்டருக்கு ஒண்ணும் ஆகாதுங். இப்ப வர்றதுல நெறைய மாடலுக்கு பிரேக்கு ஆயிலுக்குள்ளயே இருக்குது, கியரு, ஹைட்ராலிக்கு, பிரேக்கு மூணுக்கும் ஒரே ஆயிலு, அதுக்குத்தான் யூடிடிஓன்னு தனியா விக்கறாங்க. அதுல வெறும் 90 கியர் ஆயில ஊத்துனா பிரேக்கு கீச்சுங்கும், காலைல கலப்பை தூக்க மொணகும்.

திருப்பூர், பிஎஸ்6 டீசல் காரு: ஆயில் மாத்தி ரெண்டு வாரத்துல கறுத்துப்போச்சுங், போலியா?

டீசல்னா கறுக்கும், புகைக்கரிய ஆயில் தூக்கி வெச்சிருக்குதுன்னு அர்த்தம். பால் காப்பி கலராச்சுன்னாத்தான் தண்ணி கலந்திருக்கு, வண்டிய நிறுத்திருங்க. உங்க வண்டில சைலன்சர் லைன்ல புகைக்கரிய புடிக்கற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், சாம்பல் கம்மியா வர்ற ஆயில்தான் ஊத்தோணும், டப்பால சி2, சி3ன்னு எது புக்குல சொல்லியிருக்கோ அது. பழைய லாரிக்கு வாங்குன சாம்பல் ஜாஸ்தி வர்ற 15டபிள்யூ-40 மிச்சம் இருக்குதுன்னு இதுல ஊத்துனா அந்த ஃபில்டர் நாள்பட அடைச்சுக்கும், அதோட வெலை தெரிஞ்சா தூக்கம் வராது. காலி டப்பாவ ஓட்ட போட்டு வீசுங்க, அதுலதான் போலி நெரப்பறாங்க.

சோமனூர்: ஆயில்ல கலக்கறதுக்குன்னு சின்ன பாட்டில்ல ஒண்ணு விக்கறாங்களே, போடலாமுங்களா?

வேண்டாங்க. தறிக்குடோன் பக்கம் ஓடற வண்டி, பஞ்சு அடைஞ்சிருக்கும், அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் மாத்துங்க.